வெள்ளம் வருகிறது, இறால் ஏன் வருவதில்லை? பழவேற்காடு ஏரி பற்றி ஒரு விரிவான பதில்

தடா பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும்: "ஆற்றில் வெள்ளம் வந்தால் ஏரியில் இறால் கொட்டும் என்று அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தேன். இந்தச் சில வருடங்களில் வெள்ளத்துக்குக் குறைவில்லை, இறாலைத்தான் காணவில்லை. எல்லோரும் பருவநிலை மாற்றம் என்கிறார்கள். அதுதானா? ஏரி முடிந்துபோய்விட்டதா? தம்பி புது வலை வாங்கக் கடன் கேட்கிறான். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலைக்குப் போ என்று நான் சொல்கிறேன். யார் சொல்வது சரி?"

இதில் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. வெள்ளத்துக்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம் என்பது ஒன்று. அந்தச் சம்பந்தம் அறுந்திருந்தால் அறுத்தது யார் என்பது இன்னொன்று. வலையா வேலையா என்பது மூன்றாவது. உண்மையில் நீங்கள் கேட்க வந்தது இந்த மூன்றாவதைத்தான் என்று நினைக்கிறேன், ஆனால் முதல் இரண்டையும் தாண்டாமல் அதற்கு வர முடியாது. நான் உவர்நீர் மீன்வளம் படித்தவன். சூளூர்பேட்டைக்கும் பொன்னேரிக்கும் இடையிலேயே பெரும்பாலும் வேலை பார்த்தவன். மீனைப் பற்றியும் ஏரி நீரைப் பற்றியும் உறுதியாகப் பேசுவேன். ஆற்று நீரியலும் கடற்கரை மணலும் என் துறை அல்ல. அங்கே மற்றவர்கள் அளந்ததை வைத்துத்தான் பேசுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் அப்பா பார்த்தது சரி. காரணத்தை மட்டும் திருப்பிப் போட வேண்டும். வெள்ளம் இறாலைக் கொண்டுவருவதில்லை, ஏரியில் ஏற்கெனவே வளர்ந்து நிற்பதை வெளியே தள்ளுகிறது. வெள்ளை இறால் ஏரியில் முட்டையிடாது. தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு பல உருவம் மாறி, ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கும்போது ஏற்ற நீரோடு, அதாவது கடல் உயரும்போது உள்ளே வரும் நீரோடு, முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகிறது. உள்ளே பாசியும் கடல்புல்லும் சேறும் இருக்கிற ஆழமற்ற இடங்களில் மூன்று நான்கு மாதம் மேய்ந்து வளர்கிறது, பிறகு தாயாவதற்குக் கடலுக்குத் திரும்புகிறது. அந்த நேரத்தில் ஆரணி ஆற்றிலிருந்தும் காளங்கி ஆற்றிலிருந்தும் நன்னீர் வந்து இறங்கினால் ஏரியின் உப்பு சட்டென்று குறையும். அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகப் புறப்பட வேண்டிய இறால் கூட்டமாகப் புறப்படும். கடல் இறங்கும்போது வெளியேறும் வற்ற நீர் ஓடும் பாதையில் வலை கட்டியவருக்கு அன்று இரவு அள்ளக் குறையாது. அது அறுவடை. விதைப்பு அதற்கு முந்தைய மாதங்களிலேயே கடல் வழியாக நடந்து முடிந்திருக்க வேண்டும். விதைக்காத வயலில் அரிவாளோடு நின்று என்ன பயன்? இப்போது பல வருடங்களில் நடப்பது அதுதான் என்பது என் கணிப்பு.

மழைக்கும் இறாலுக்கும் உள்ள இந்த உறவு நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. வட ஆஸ்திரேலியாவின் கார்பென்டேரியா வளைகுடாவில் வாழை இறால் என்று அவர்கள் சொல்லும் இனத்தை நீண்ட காலம் கவனித்திருக்கிறார்கள். மழை அதிகமான வருடத்தில் பிடிப்பும் அதிகம் என்று அங்கே ஒரு பகுதியில் மிகத் தெளிவாகத் தெரிந்தது. அதே வளைகுடாவின் வேறு பகுதிகளில் அந்த உறவு அவ்வளவு இறுக்கமாக இல்லை. ஆகவே மழை வந்தால் இறால் என்பது சட்டம் அல்ல, வேறு சிலவும் கூடி வந்தால்தான் பலிக்கும். அந்த வேறு சிலவற்றில் பழவேற்காட்டைப் பொறுத்தவரை முதலில் நிற்பது முகத்துவாரம்.

ஏரியின் உருவத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வடக்குத் தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு நுனி தமிழ்நாட்டில். இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் சொச்சம்தான். படகைத் தள்ளிக்கொண்டு நடந்துபோகும் இடங்கள் உங்களுக்கே தெரியும். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு நீண்டு கிடக்கிறது. கடல் உள்ளே வர தெற்கே பழவேற்காட்டு முகத்துவாரம், வடக்கே ராயதொருவு, தூப்பிலிப்பாளையம் பக்கத்து வாய்கள். வடக்கு வாய்கள் தூர்ந்து, பெயரளவுக்கே வாய்களாக இருந்த காலமே அதிகம். பாரம் முழுவதும் தெற்கு வாயின் மேல் விழுகிறது.

அந்த வாய் திறந்திருப்பதும் மூடுவதும் இரண்டு சக்திகளுக்கு இடையிலான இழுபறி. கடல் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். ஏரிக்குள் போய்வரும் ஏற்ற வற்ற நீரும், ஆற்றிலிருந்து வெளியேறும் வெள்ளமும் அந்த மணலை அடித்துக்கொண்டு போக வேண்டும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் பெரிய ஏற்ற நாட்களில்கூட ஒரு மீட்டர் அளவுதான், குஜராத் கரையில் இருப்பதுபோல் பல மீட்டர் அல்ல. அதனால் அதன் தள்ளு பலம் குறைவு. ஆற்று நீர் துணைக்கு வராத கோடையில் மணல் ஜெயித்துவிடும், வாய் அடைபடும். ஊர்க்காரர்களே மண்வெட்டியோடு போய் வெட்டித் திறந்த வருடங்கள் உண்டு, பொக்லைன் வைத்துத் திறந்த வருடங்களும் உண்டு. திறந்த வாய் சில வாரங்களில் மறுபடியும் அடைபட்டதையும் பார்த்திருக்கிறோம்.

அடைபட்ட ஏரியில் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு காகிதக் கணக்கு போடுகிறேன். ஒரு மீட்டர் ஆழ நீர், கடல் அளவு உப்பு, அதாவது லிட்டருக்கு 35 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது, புது நீர் எங்கிருந்தும் வரவில்லை. ஒரு மாதத்தில் 18 சென்டிமீட்டர் போய்விடும். மிச்ச நீரில் உப்பு 43 கிராமாக ஏறும். இரண்டாவது மாத முடிவில் 55. உண்மையான ஏரியில் ஊற்றும் காற்றும் வேறு பல விஷயங்களும் இந்தக் கணக்கைக் கலைக்கும். ஆனாலும் வடக்குப் பகுதியில் கோடையில் 50ஐத் தாண்டி அளந்திருக்கிறார்கள் என்பதால் கணக்கு ரொம்பவும் தப்பவில்லை. அந்த உப்பில் வெள்ளை இறால் உடனே சாகாது, ஆனால் வளர்ச்சி மந்தமாகிவிடும். அதைவிட முக்கியம், புதுக் குஞ்சு உள்ளே வர வழியே இல்லை. மடவை, பால்கெண்டை, கொடுவா என்று நீங்கள் நம்பியிருக்கிற பலவும் முட்டைக்குக் கடலை நம்பியவைதான். சேற்று நண்டின் தாயும் முட்டை பொரிக்கக் கடலுக்குத்தான் போகிறது. வாய் மூடினால் எல்லாக் கணக்கும் ஒன்றாக மூடுகிறது.

ஆகவே ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை வாய் எத்தனை நாள் திறந்திருந்தது என்று தெரியாமல், நவம்பர் வெள்ளத்தைப் பார்த்து இறாலை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால், இறால் கொட்டிய வருடங்களில் கோடையில் வாய் எப்படி இருந்தது என்பது அவர்கள் நினைவில் இருக்கும். நான் பேசிப் பார்த்த வரையில் அவர்கள் நினைவு இந்தப் பக்கமே சாய்கிறது. நினைவு என்பது அளவு அல்ல, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இனி வெள்ளத்துக்கு வருவோம். வெள்ளம் ஏரிக்கு எதிரி என்று நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 1989இல் யுங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பெரிய ஆறுகளின் மீன்வளத்தைத் தீர்மானிப்பது ஆற்றுக்குள் ஓடும் நீர் அல்ல, கரை மீறிப் படுகையில் பரவி, நின்று, வடிகிற வெள்ளம் என்பது அவர்கள் வாதம். பரவிய நீரில் காய்ந்த புல்லும் சாணமும் இலைதழையும் ஊறி மட்கும். அதில் நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்று மீன்குஞ்சு வளரும், நீர் வடியும்போது உணவும் மீனும் சேர்ந்து கீழே வரும். இதை அமேசானைப் போன்ற ஆறுகளை வைத்துச் சொன்னார்கள். அங்கே வெள்ளம் மாதக்கணக்கில் நிற்கும், ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் ஒரே சமயத்தில் வரும்.

ஆரணி ஆறு அப்படிப்பட்ட ஆறு அல்ல. ஆந்திர மலைகளில் மழை கொட்டினால், பிச்சாட்டூர் அணை நிரம்பித் திறந்துவிட்டால், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பொன்னேரி என்று சில நாட்களில் ஓடி முடிந்துவிடும். இவ்வளவு குறுகிய வெள்ளத்தில் படுகையில் எதுவும் ஊறி மட்க நேரமில்லை. அப்படியானால் முன்பு எப்படி நடந்தது? ஏரிகளால் நடந்தது என்பது என் எண்ணம். நான் சொல்வது உப்பேரியை அல்ல, பாசன ஏரிகளை. ஆற்றிலிருந்து கால்வாய் பிரிந்து ஒரு ஏரி, அது நிரம்பி, மிஞ்சிய நீர் வழியும் கலங்கல் வழியாக அடுத்த ஏரி, அதன் கீழே வயல், வயலின் வடிகால் மறுபடி ஆற்றுக்கு. நான்கு நாள் வெள்ளத்தை நான்கு மாத ஈரமாக நீட்டி வைத்த அமைப்பு அது. மார்கழி, தை வரை உப்பேரிக்கு மெல்லிய நன்னீர் கசிந்துகொண்டே இருந்தால் முகத்துவாரமும் அவ்வளவு சீக்கிரம் அடையாது. இப்போது கால்வாய்கள் அடைபட்டும், ஏரிகள் தூர்ந்தும், ஏரிப்படுகையில் வீட்டு மனை எழுந்தும் கிடக்கின்றன. வெள்ளம் வந்த வேகத்தில் உப்பேரியில் விழுந்து, உப்பை ஒரேயடியாகக் கழுவித் தள்ளி, பிறகு ஒன்றுமில்லாமல் போகிறது. எவ்வளவு நீர் வந்தது என்று மட்டும் பார்த்தால் வெள்ளத்துக்குக் குறைவில்லை என்றுதான் தோன்றும். எத்தனை நாள் வந்தது என்று பார்க்க வேண்டும்.

படுகை மீன்களுக்கும் இதுவே கதை. விரால், தேளி, பனையேறிக் கெண்டை, குறவை போன்றவை புது மழை நீரில் வயலுக்கும் வாய்க்காலுக்கும் ஏறி முட்டையிடுபவை. காற்றைச் சுவாசிக்கத் தெரிந்தவை, சேற்றில் புதைந்து வறட்சியைத் தாண்டக்கூடியவை. வெப்பம் கூடினாலும் தாக்குப்பிடிக்கும் மீன் என்று இவற்றைத்தான் சொல்லலாம். ஆனால் முட்டைக்கும் குஞ்சுக்கும் அந்தத் தைரியம் கிடையாது. ஒரு பெருமழையில் ஏறி முட்டையிட்ட பிறகு இருபது நாள் வெயிலடித்து வயல் காய்ந்தால் அந்த வருடத்துக் குஞ்சு போயிற்று. அந்த இடைவெளியில் இடம்பிடிப்பது ஜிலேபி மீன். அது உப்பிலும் வாழும், கழிவு நீரிலும் வாழும், வருடத்தில் பல முறை முட்டையிடும், குஞ்சை வாயில் வைத்துக் காப்பாற்றும். வெள்ளத்தில் வளர்ப்புக் குளங்கள் உடையும்போது வேறு சில வெளியூர் மீன்களும் ஆற்றுக்கு வந்து சேர்கின்றன. தட்டுப்பாடில்லாமல் மீன் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால், எந்த மீன் என்று கேளுங்கள்.

சரி, பருவநிலை மாற்றம். இதில் உறுதியானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமக்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கிற வாய்ப்பு அதிகம். இது இயற்பியல், இதில் விவாதம் இல்லை. உலகக் கடல் மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006க்குப் பிந்தைய கணக்கில் வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். ஒரு மீட்டர் ஆழ ஏரிக்கும் கையகல மணல் திட்டுக்கும் இது சின்ன விஷயம் அல்ல. நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பதும் உறுதி. 30 டிகிரியில் நன்னீரில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் வரை கரையும் என்றால், கடல் உப்புள்ள நீரில் 6 சொச்சம்தான். உப்பு இன்னும் ஏறினால் இன்னும் குறையும். பாசி மண்டிய ஏரியில் இரவு முழுவதும் எல்லா உயிரும் மூச்சுவிட்டு, விடிவதற்கு முன்னால் அது அபாய அளவுக்கு இறங்கும். அதிகாலையில் மீன் மேலே வந்து வாய் திறப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஒரு வருடம் அளவு மீறுவதும் மறுவருடம் பொய்ப்பதும் நாம் கண்ணால் பார்த்ததே. 2015 நவம்பர், டிசம்பரில் வெள்ளம். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. 2021இல் மறுபடி ஆரணி கரை உடைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இப்படி முன்னும் பின்னும் ஆடுவது ஏரிக்கு நல்லதல்ல என்று சொல்லலாம். ஆனால் இந்த ஆட்டத்தில் எவ்வளவு பழைய இயல்பு, எவ்வளவு புதிய வெப்பம் என்று பிரித்துச் சொல்ல ஒரு மீன்வளக்காரனால் முடியாது. வடகிழக்குப் பருவமழை முன்பும் நிலையில்லாததுதான். வங்கக் கடலில் புயல்களின் மொத்த எண்ணிக்கை கூடிவிட்டது என்பதற்கும் வலுவான சான்று இல்லை. வருகிற புயல்களில் கடுமையானவற்றின் பங்கு உலக அளவில் கூடுகிறது என்பதைத்தான் அறிவியல் உறுதியோடு சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட வருடத்து இறால் நட்டத்தை எடுத்துப் பருவநிலையின் தலையில் கட்டுவது இன்றைய அறிவுக்கு அப்பாற்பட்டது. அப்படி உறுதியாகச் சொல்கிறவர் மேடைப் பேச்சாளராகத்தான் இருப்பார்.

இன்னொரு காரணத்துக்காகவும் நான் அந்தச் சொல்லை அவசரப்பட்டுப் பயன்படுத்துவதில்லை. உலகமே காரணம் என்றால் யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீர் உப்பானது கடல் மட்டம் உயர்ந்ததால் அல்ல. 1960களிலிருந்து சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சியதால் கடல் உள்ளே வந்தது, அது பல கிலோமீட்டர் உள்ளே போனது ஆவணத்தில் இருக்கிற விஷயம். சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டைக்குப் போகும் சாலை ஏரியைக் குறுக்கே கடக்கிறது. அதற்கு அடியில் நீர் போக விட்ட வழிகள் குறுகியவை. வடக்கு ஏரி கோடையில் உப்புப் பாலைவனம் ஆவதில் அந்தச் சாலைக்கும் பங்குண்டு. 1990களில் ஏரியைச் சுற்றி இறால் பண்ணைகள் பெருகி, வெண்புள்ளி நோய் வந்து சரிந்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சில்கா, பழவேற்காடு இரண்டு ஏரிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, 1000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருக்கிறது. கரையோரம் நடந்து பார்க்கிறவருக்கு மற்றதும் தெரியும்.

துறைமுகங்களைப் பற்றி எழுதாமல் விட்டால் நீங்களே கேட்பீர்கள். நம் கரையில் வருடம் முழுவதும் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல் சுவர் போட்டால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கரை போனதும் இதனால்தான். எண்ணூர்த் துறைமுகம் 2001இல் செயல்படத் தொடங்கியது, காட்டுப்பள்ளி அதற்குப் பிறகு. இரண்டும் பழவேற்காட்டு வாய்க்குத் தெற்கே இருக்கின்றன. ஆகவே வடக்கே கரை அரிப்பு கூடும் என்பது உறுதி. முகத்துவாரம் அடைபடுவதற்கும் அவையே காரணம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு, ஏனென்றால் துறைமுகங்களுக்கு முன்பே வாய் கோடையில் அடைபட்டிருக்கிறது. அரித்து எடுத்த மணல் எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் கடலோரப் பொறியாளர்கள் சொல்ல வேண்டும். வாயின் இரு பக்கமும் கல் சுவர் கட்டி நிரந்தரமாகத் திறந்து வைக்கும் திட்டத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால் சுவருக்கு வடக்கே இருக்கும் குப்பங்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக வந்து சேர்ந்த தொல்லை காக்கா ஆழி. மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா என்ற இந்தக் கரிய சிப்பி தென் அமெரிக்கப் பக்கத்தைச் சேர்ந்தது. கப்பல்கள் அடியில் சுமக்கும் சமநிலை நீரிலோ, அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டோ வந்திருக்க வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டின் தெற்குப் பகுதியிலும் பாய் விரித்ததுபோல் படர்ந்து, விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கேரளத்தில் அஷ்டமுடி, வேம்பநாடு ஏரிகளிலும் இதே சிப்பி பரவியிருக்கிறது. இது சேற்றுத் தரையைக் கம்பளமாக மூடிவிடுகிறது. இறால் பகலில் சேற்றில் புதைந்து கிடக்கும் உயிரினம், புதைய இடமில்லாவிட்டால் அது அங்கே தங்காது. மஞ்சள் மட்டியும் மூச்சு முட்டிப் போகிறது. காலால் தடவி இறால் பிடிக்கிற பெண்களின் பாதத்தை இந்தச் சிப்பியின் விளிம்பு கிழிக்கிறது. உப்பு ஏறினாலும் இறங்கினாலும் பெரிய அளவுக்குத் தாங்கும் என்பதுதான் இதன் பலம். நீண்ட நன்னீர் ஓட்டத்தை இது தாங்காது என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு. அப்படியானால் நீண்டு நிற்கும் வெள்ளத்தை இழந்ததற்கு இன்னொரு விலையும் கொடுக்கிறோம். இது என் ஊகம், ஆய்வு முடிவு அல்ல.

ஏரி முடிந்துபோய்விட்டதா என்று கேட்டீர்கள். இல்லை. சில்காவைப் பாருங்கள். 1990களில் அதன் வாய் தூர்ந்து, களை மண்டி, மீன் விழுந்து, ராம்சார் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் இடம்பெற்ற நீர்நிலைகளில் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் 1993இல் சேர்க்கப்பட்டது. 2000 செப்டம்பரில் புதிய வாய் வெட்டினார்கள். வருடத்துக்கு இரண்டாயிரம் டன்னுக்கும் கீழே இருந்த மீன்பிடிப்பு சில வருடங்களில் பத்தாயிரம் டன்னைத் தாண்டியது. 2002இல் அந்தப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. உவர்நீர் ஏரி எவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் நாட்டில் இல்லை. ஆனால் சில்காவுக்கு மகாநதியின் கிளைகள் தண்ணீர் தருகின்றன, நமக்கு ஆரணியும் காளங்கியும்தான். சில்கா முழுவதும் ஒரே மாநிலத்தில், ஒரே ஆணையத்தின் கீழ் இருக்கிறது. நம் ஏரியில் வாய் தமிழ்நாட்டுப் பக்கம், நீர்ப்பரப்பு பெரும்பாலும் ஆந்திரப் பக்கம், ஆற்றின் அணை மறுபடியும் ஆந்திரத்தில். யார் எல்லைக்குள் யார் வலை போட்டார் என்ற சண்டைக்குக் கூடுகிற அளவுக்கு, வாய் எப்போது திறக்க வேண்டும், அணையிலிருந்து எப்போது எவ்வளவு விட வேண்டும் என்று பேச யாரும் கூடுவதில்லை. அணை திறப்பு இன்று வெள்ள அபாய எச்சரிக்கையாக மட்டுமே நம் காதுக்கு வருகிறது.

இன்னும் ஒன்று. பிடிப்பு குறைந்தது என்றால் இறால் குறைந்தது என்று பொருள் அல்ல. நூறு வலைக்குக் கிடைத்தது முந்நூறு வலைக்குப் பிரிந்தால் உங்கள் கூடை குறையும், ஏரியில் அதே அளவு இருக்கலாம். பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிற கிராமங்களில் இந்தக் கணக்கைப் பெரியவர்கள் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். இன்று யார், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்து, வலைகளின் எண்ணிக்கையையும் அடக்கி வைத்தார்கள். அந்த முறைக்குள் இடமில்லாதவர்களுக்கு அது அநியாயமாகத் தெரிவதும் உண்மை, அந்த மனத்தாங்கலை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் மீன்வளம் என்ற கோணத்தில் பார்த்தால், முறையில்லாத இடத்தில் சின்னக் கண்ணி வலை முந்திக்கொள்கிறது. விரல் நீளம்கூட இல்லாத இறால் கிலோ கணக்கில் கரைக்கு வருகிறது. அதை வெள்ளத்தின் மேலும் வெயிலின் மேலும் போட முடியாது.

இப்போது வலையா வேலையா. உங்கள் குடும்பத்தை எனக்குத் தெரியாது, உங்கள் ஊருக்குப் பாடு உண்டா என்றும் தெரியாது. ஆகவே என் இடத்தில் நின்று தெரிவதைச் சொல்கிறேன். இனி வரும் வருடங்களில் நல்ல வருடமும் இருக்கும், ஒன்றுமே இல்லாத வருடமும் இருக்கும், நடுத்தர வருடம் குறையும். மாதாமாதம் ஒரே தவணை கட்ட வேண்டிய கடனை இப்படிப்பட்ட வருமானத்தின் மேல் வாங்குவது ஆபத்து. தம்பி வலையை விட வேண்டும் என்று சொல்லவில்லை. பெரிய கடன் வேண்டாம் என்கிறேன். இறாலை மட்டும் நம்பும் வலையாக இல்லாமல், நண்டுக்கும் மடவைக்கும் பயன்படுகிற, கண்ணி பெரிதான வலையாக, கையில் இருக்கும் பணத்துக்குள் வாங்கட்டும். ஸ்ரீசிட்டி ஷிப்ட் வேலையையும் ஏரியையும் சேர்த்தே ஓட்டுகிற இளைஞர்களைத் தடா பக்கம் பார்க்கிறேன். பெரியவர்கள் அதைக் கேவலமாகப் பேசுவதில் நியாயமில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு வருடம் பொறுக்க முடியுமானால் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். பக்கத்து இறால் பண்ணைக்காரரிடம் உப்புமானி இருக்கும். வாரம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நீர் எடுத்து உப்பைப் பார்த்து நோட்டில் எழுதட்டும். அதே பக்கத்தில் முகத்துவாரம் திறந்திருக்கிறதா, ஆற்றில் நீர் ஓடுகிறதா, ஒரு வலைக்கு எத்தனை கிலோ, எந்த அளவு இறால் என்பதும் இருக்கட்டும். சித்திரையிலிருந்து ஆவணி வரை வாய் பெரும்பாலும் திறந்திருந்து, உப்பு 40க்குக் கீழேயே நின்றிருந்தால் அந்தக் கார்த்திகையில் வலை கட்டலாம். ஆனி, ஆடியில் வாய் அடைபட்டுக் கிடந்தால், ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் அந்த வருடம் தம்பி தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏறட்டும்.